லண்டன் இந்தியா ஹவுஸ்: படம் போடுமுன் ஆண்டைப் பாருங்கள்

வ.வே.சு. ஐயரைப் பற்றிய கட்டுரையொன்றின் மெய்ப்பு சென்ற வாரம் என் மேசைக்கு வந்தது. அதில் மூவண்ணக் கொடி பறக்கும் ஒரு கல் மாளிகையின் படமும், அதன் கீழே ‘ஐயர் தங்கியிருந்த இந்தியா ஹவுஸ், லண்டன்’ என்ற படவிளக்கமும் இருந்தன. வரலாற்று நூல்களைச் செம்மைப்படுத்தும் இந்த வேலையில், இதே படத்தை இதே தவறுக்காக எத்தனை முறைதான் நீக்குவது?

ஐயர் தங்கியது வடலண்டன் ஹைகேட்டில், 65, கிராம்வெல் அவென்யூ என்ற முகவரியில் இருந்த வீடு. ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905 ஜூலை 1 அன்று இந்திய மாணவர் விடுதியாகத் தொடங்கிய அந்த வீடு, 1909-இல் அவ்விடுதியோடு தொடர்புடைய மதன்லால் திங்ரா ஆங்கில அதிகாரி கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றதையடுத்து வந்த நெருக்கடியில் விடுதியாக நிலைக்கவில்லை.

படத்தில் இருப்பதோ நகரின் நடுவே ஆல்ட்விச்சில், அதே இந்தியா ஹவுஸ் என்ற பெயரில் உள்ள இந்திய ஹை கமிஷன் அலுவலகம். டில்லித் தலைமைச் செயலகக் கட்டடங்களை வடிவமைத்த ஹெர்பர்ட் பேக்கரே இதையும் வடிவமைத்தார். 1930 ஜூலை 8 அன்று மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் திறந்து வைத்தார்.

‘பழைய விடுதிதானே பிறகு தூதரகமாயிற்று?’ என்று கேட்கிறார்கள். இல்லை. விடுதி இடிக்கப்பட்டு மாளிகை எழவும் இல்லை, விடுதி இடம் மாறவும் இல்லை. ஒன்று ஆங்கில அரசு ஒற்றர்களை வைத்துக் கண்காணித்த வீடு. மற்றது அதே அரசின் மன்னர் வந்து திறந்த அலுவலகம். இரண்டுக்கும் பெயர் ஒன்று என்பதைத் தவிர வேறு தொடர்பில்லை. ஐயர் 1910-இலேயே புதுச்சேரிக்கு வந்துவிட்டார். 1925-இல் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்ற முயன்று உயிர்நீத்தார். அவர் மறைந்து ஐந்தாண்டுக்குப் பின் திறந்த கட்டடத்தில் அவரை எப்படிக் குடியமர்த்துவது?

ஆல்ட்விச் மாளிகைக்கும் தனிச் சிறப்பு உண்டு. அன்றைய மாகாணங்களின் 12 சின்னங்கள் அதன் வெளிச்சுவரில் உள்ளன. உள்ளே வங்க ஓவியர் நால்வர் தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன. விடுதலைக்குப் பின் முதல் ஹை கமிஷனராக வி.கே. கிருஷ்ண மேனன் பணியாற்றியதும் அங்கேதான். (காமன்வெல்த் நாடுகளுக்கிடையே ‘தூதர்’ அல்லர், ‘ஹை கமிஷனர்’, இதையும் கவனியுங்கள்.)

ஆகவே, படத்தைச் சேர்க்குமுன் கட்டுரையில் வரும் ஆண்டைப் பாருங்கள். 1930-க்கு முந்தைய நிகழ்ச்சி என்றால் ஆல்ட்விச் படத்தைத் தொடாதீர்கள். குஜராத் மாண்ட்வியில் ஹைகேட் வீட்டின் மாதிரி ஒன்று கட்டப்பட்டிருக்கிறது. அதன் படத்தைப் போட்டால், தயவுசெய்து, மாதிரி என்றே எழுதுங்கள்.