‘பக்’ என்று காதில் விழுந்ததும் எட்டிப் பார்க்கும் உளவாளி

“ஆங்கிலத்தில் ‘பக்’ என்றால் பூச்சி. கணினிக்காரர்கள் மென்பொருள் பிழையை ‘பக்’ என்கிறார்கள். துப்பறியும் படங்களிலோ அது ஒட்டுக்கேட்கும் கருவி. இத்தனையும் ஒரே சொல் என்றால் ஆங்கிலம் பேசுகிறவர்கள் குழம்ப மாட்டார்களா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். குழம்புகிறார்கள். ஆனால் அந்தக் குழப்பம் ஒரு நொடிக்குள் தீர்ந்துவிடுவதால், குழம்பியவருக்கே அது தெரிவதில்லை.

முதலில் பொருள் கணக்கு. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1985-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் தொடங்கிய ‘வேர்ட்நெட்’ ஒரு வித்தியாசமான அகராதி. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெட்டி உண்டு. அந்தப் பொருளைத் தரும் சொற்களெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். ‘பக்’ அங்கே ஏழு பெட்டிகளில் இருக்கிறது. பெயர்ச்சொல்லாக ஐந்து: ஊர்ந்து திரியும் பூச்சி எதுவும், ‘கிளிட்ச்’ என்ற சொல்லோடு சேர்ந்து இயந்திரக் கோளாறு, மறைத்து வைத்த சிறு மைக், பூச்சியியலாளர் சொல்லும் ‘ஹெமிப்டெரா’ வரிசைப் பூச்சி, ‘ஜெர்ம்’, ‘மைக்ரோப்’ ஆகியவற்றோடு சேர்ந்து நோய்க்கிருமி. வினைச்சொல்லாக இரண்டு: நச்சரித்தல், ஒட்டுக்கேட்டல்.

பெட்டியில் கூட இருக்கும் சொல்தான் எந்தப் பொருள் என்று காட்டிக்கொடுக்கிறது. அதற்காக ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துவிட முடியாது. வயிற்றுக் கோளாறை ‘ஸ்டமக் பக்’ என்பார்கள். ‘ஸ்டமக் மைக்ரோப்’ என்றால் ஆய்வுக்கூட வாடை அடிக்கும். பூச்சியியலாளரிடம் போனால் கண்டிப்பு இன்னும் கூடும். ஊசி போன்ற வாயால் குத்திச் சாறு உறிஞ்சும் வரிசைதான் அவருக்கு ‘பக்’. மூட்டைப்பூச்சியும் அசுவினியும் தேறும், கரப்பான் தேறாது.

கணினிப் பிழைக்கு இந்தப் பெயர் 1947-இல் ஹார்வர்டின் ‘மார்க் 2’ கணினிக்குள் செத்துக் கிடந்த அந்துப்பூச்சியால் வந்தது என்ற கதை வலம் வருகிறது. பூச்சி கிடைத்தது உண்மை. அதைப் பதிவேட்டில் ஒட்டியும் வைத்தார்கள். ஆனால் பக்கத்திலேயே ‘நிஜமாகவே பக் கிடைத்த முதல் நிகழ்வு’ என்று எழுதியிருக்கிறார்கள். சொல் ஏற்கெனவே புழங்கியதால்தான் அது வேடிக்கை. தாமஸ் எடிசன் 1878-லேயே தன் கண்டுபிடிப்புகளில் தலைகாட்டும் கோளாறுகளை ‘பக்ஸ்’ என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இனி மூளைக்குள் போவோம். ‘பக்’ காதில் விழும்போது சூழலுக்குப் பொருந்தும் பொருள் மட்டும் வருகிறதா, எல்லாம் சேர்ந்து வருகின்றனவா? ஆளைக் கேட்டுப் பயனில்லை. அவர் வாய் திறப்பதற்குள் மூளை தேர்வை முடித்திருக்கும். 1979-இல் டேவிட் ஸ்வின்னி என்ற உளவியலாளர் வெளியிட்ட சோதனை இதை மடக்கிப் பிடித்த விதம், உளவியல் சோதனைகளிலேயே என் மனதுக்கு மிகப் பிடித்தது.

அதற்கு அடிப்படை 1971-இல் மேயரும் ஷ்வானவெல்ட்டும் காட்டிய ஒரு விளைவு. திரையில் ஓர் எழுத்துக்கோவை தெரியும். அது உண்மையான சொல்லா, பொய்ச்சொல்லா என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘நர்ஸ்’ என்பதற்குப் பின் ‘டாக்டர்’ வந்தால், ‘வெண்ணெய்’க்குப் பின் வருவதைவிட விரைவாக அழுத்துகிறோம். ஒரு சொல் விழித்தால் அதன் உறவுச் சொற்களும் பாதி விழித்துக்கொள்கின்றன. பொத்தானை அழுத்த ஆகும் நேரம் அந்த விழிப்பை அளக்கும் கருவி.

ஸ்வின்னி இதைக் காதுக்கும் கண்ணுக்கும் பிரித்துக் கொடுத்தார். ஹெட்போனில் ஒரு கதை ஓடும். அரசுக் கட்டடம் ஒன்றில் பல ஆண்டுகளாகத் தொல்லை. தன் அறையின் மூலையில் சிலந்தி, கரப்பான், இன்னும் பல ‘பக்ஸ்’ இருப்பதைக் கண்ட மனிதர் ஆச்சரியப்படவில்லை. அரசுக் கட்டடம் சும்மா வரவில்லை, உளவுக் கருவிக்கும் இடம் இருக்கட்டும் என்றுதான். பிறகு சிலந்தியும் கரப்பானும் பூச்சியை உறுதி செய்துவிடுகின்றன. ‘பக்ஸ்’ ஒலித்து முடிந்த அந்தக் கணத்தில் திரையில் மூன்றில் ஒரு சொல் தோன்றும்: ‘ஆன்ட்’ (எறும்பு), ‘ஸ்பை’ (உளவாளி), ‘ஸோ’ (தைத்தல்). தைத்தலுக்கும் ‘பக்’குக்கும் உறவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க வைத்த சொல் அது. ஆங்கிலத்தில் மூன்றுமே மூன்றெழுத்துச் சொற்கள்.

எறும்புக்கு விரைவாக அழுத்தினார்கள், எதிர்பார்த்ததுதான். ஆனால் உளவாளிக்கும் விரைவாக அழுத்தினார்கள்! சிலந்தி, கரப்பான் என்று அவ்வளவு சொல்லியும், உளவுக் கருவி என்ற பொருள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டது. அதே சொற்களை மூன்று அசை தள்ளிக் காட்டியபோது எறும்பு மட்டும் விரைவு. உளவாளி தைத்தலோடு சேர்ந்துவிட்டது. அதாவது எல்லாப் பொருளும் ஒருசேர எழுகின்றன, ஏறக்குறைய ஒரு நொடிக்குள் பொருந்தாதவை அணைக்கப்படுகின்றன. கேட்பவரின் நினைவில் எந்தத் தடயமும் இல்லை.

இந்தச் சோதனை கெட்டுப்போகப் பல வழிகள் உண்டு. பொய்ச்சொற்களைப் போதிய அளவு கலக்காவிட்டால், ஆட்கள் படிக்காமலே ‘ஆம்’ பொத்தானைத் தட்டுவார்கள். உறவுச் சொற்கள் அடிக்கடி வந்தால் தந்திரம் புரிந்து முன்கூட்டியே ஊகிப்பார்கள். கதையைப் பற்றிக் கேள்வி வரும் என்று சொல்லி வைக்காவிட்டால் காதை மூடிக்கொண்டு திரையை மட்டும் பார்ப்பார்கள். இன்னொரு சிக்கல் நுட்பமானது. ‘ஸ்பை’யைத் திரையில் பார்த்ததே, காதில் இன்னும் எதிரொலிக்கும் ‘பக்’கைப் பின்னோக்கித் தட்டி எழுப்பியிருக்கலாம் அல்லவா? 1986-இல் சாம் குளுக்ஸ்பெர்க் குழு இதைத்தான் எழுப்பியது.

1988-இல் டஃபி, மாரிஸ், ரேனர் மூவரும் பொத்தானையே விட்டுவிட்டு, வாக்கியம் படிப்பவரின் கண்ணசைவை அளந்தார்கள். இரு பொருளும் சமமாகப் புழங்கும் சொல்லில், முன்னால் குறிப்பு எதுவும் இல்லையென்றால், கண் கூடுதல் நேரம் நின்றது. ஒரு பொருள் மட்டும் மிகுதியாகப் புழங்கும் சொல்லில் தயக்கம் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட சொல்லை, அரிய பொருளுக்கே ஏற்ற சூழலில் வைத்தால் மறுபடி கண் தடுமாறியது. சூழல் அரிய பொருளை முன்னுக்குத் தள்ளும். பழகிய பொருளின் வாயை அடைக்க அதனால் முடியாது.

பல பொருள் எப்போதும் சுமை என்றும் நினைக்க வேண்டாம். 2002-இல் ஜெனிஃபர் ராட் குழு இரண்டு வகையைப் பிரித்துக் காட்டியது. ‘பார்க்’ போல நாயின் குரைப்பு, மரத்தின் பட்டை என்று உறவற்ற பொருள்கள் இருந்தால் சொல்லை அடையாளம் காணத் தாமதம். ‘ட்விஸ்ட்’ போல ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்த பொருள்கள் இருந்தால் அதற்கு மாறாக விரைவு.

கணினி இதே வேலையில் பட்ட பாடு தனிக்கதை. 1986-இல் மைக்கேல் லெஸ்க், அக்கம்பக்கச் சொற்களின் அகராதி விளக்கங்களில் பொதுவாக வரும் சொற்களை எண்ணிப் பொருளைத் தேர்ந்தார். விளக்கங்கள் குட்டையாக இருந்தால் பொதுச்சொல்லே சிக்காது. சொற்களின் பொருளை எண்களாக மாற்றும் 2013-இன் ‘வேர்ட்-டு-வெக்’ நிரல் ஒரு சொல்லுக்கு ஒரே எண்வரிசை கொடுத்ததால் பூச்சியும் பிழையும் அதில் கலந்து கிடந்தன. 2018-இன் ‘பெர்ட்’ போன்ற நிரல்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் புது எண்வரிசை கணித்தபோது இரண்டும் பிரிந்தன.

இதைக் காட்டி, பொருள் மயக்கமே இல்லாத மொழி சமஸ்கிருதம்தான், நாசாவே சொல்லிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஓய்வில்லாமல் சுற்றுகிறது. அந்தச் செய்தியின் தோற்றுவாய், ரிக் பிரிக்ஸ் என்ற ஆய்வாளர் 1985-இல் எழுதிய ஒரு கட்டுரை. அவர் பேசியது வடமொழி இலக்கண அறிஞர்கள் வாக்கியப் பொருளை விரித்துரைத்த முறையைப் பற்றி. ‘ஹரி’ என்ற ஒரே வடசொல் திருமால், சிங்கம், குரங்கு, குதிரை எல்லாவற்றையும் குறிக்கும். சமஸ்கிருதத்துக்குப் பதில் தமிழைப் போட்டு அதே செய்தியை அனுப்புகிறவர்களுக்கும் பதில் இருக்கிறது: மயக்கமே இல்லாத மொழியில் காளமேகம் ஒரு சிலேடைகூடப் பாடியிருக்க முடியாது.

மயக்கம் மொழியின் குறை அல்ல, சிக்கனம். ஒரு சொல்லின் பொருள் எண்ணிக்கை, அது புழங்கும் அளவின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது என்று 1945-லேயே மொழியியலாளர் ஜார்ஜ் ஜிஃப் காட்டினார். நூறு மடங்கு அதிகம் புழங்கும் சொல்லுக்கு ஏறத்தாழ பத்து மடங்கு பொருள். குட்டையான, எளிதில் உச்சரிக்கக்கூடிய சொற்களே அதிகப் பொருள்களைச் சுமக்கின்றன என்பதை 2012-இல் பியாண்டடோசி குழு ஆங்கிலம், ஜெர்மன், டச்சு மூன்றிலும் கண்டது. மீதியைச் சூழல் பார்த்துக்கொள்ளும்போது புதுச்சொல் எதற்கு?

மொழிப்பெருமை விழாக்களுக்குப் போகும் பணத்தில் ஒரு சிறு பங்கு ஸ்வின்னி பாணிச் சோதனைகளுக்கு வந்தால் போதும் என்பது என் கட்சி. தமிழில் இந்தக் கேள்விக்கு ஆங்கிலத்தில் இல்லாத ஒரு முறுக்கு உண்டு. ‘படித்தான்’ என்றதும் விகுதியே பொருளை முடித்துவிடுகிறது. ‘படியில்’ என்றால் அது பெரும்பாலும் மாடிப்படி. அப்படியிருக்க, ‘படி’ என்ற முதல் இரண்டெழுத்து ஒலித்ததும் மாடிப்படியும் பாடப்புத்தகமும் சேர்ந்தே எழுகின்றனவா, விகுதி வரும்வரை மூளை காத்திருக்கிறதா? ஒரு மடிக்கணினி, ஹெட்போன், மில்லிநொடி துல்லியமுள்ள பொத்தான்பெட்டி இருந்தால் தொடங்கிவிடலாம். உழைப்பு அதற்கு முன்பே வேண்டும்: எந்தச் சொல் எவ்வளவு புழங்குகிறது, அதன் எந்தப் பொருள் முதலில் தோன்றுகிறது என்ற பட்டியல்களை, ஊருக்கு ஊர் பேச்சு மாறுவதால், சோதனைக்கு உட்காரப் போகிறவர்களின் வட்டாரத்திலேயே எடுக்க வேண்டும்.