உயிரோடிருக்கும் செய்தியாளரை மதிப்பது எப்படி?

ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் 19ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜனின் படத்துக்கு முன்னால் சுடரேற்றுகிறோம். 2000ஆம் ஆண்டு அதே நாள் இரவு, ஊரடங்கு நேரத்தில், இராணுவக் காவலரண்கள் சூழ்ந்திருந்த இடத்தில், வீட்டுக்குள் இருந்தவரை யன்னல் வழியாகச் சுட்டார்கள். கைக்குண்டும் வீசினார்கள். பி.பி.சி., வீரகேசரி, சிங்களத்தில் வெளியாகும் ராவய என மூன்று பக்கத்துக்கும் யாழ்ப்பாணத்துச் செய்தியைக் கொண்டுபோனவர் அவர். 2022 பெப்ரவரியில் அந்தக் கொலை தொடர்பில் பிரித்தானியப் பொலிஸார் ஒருவரைக் கைதுசெய்து, விசாரணை தொடரும் என்று சொல்லி விடுவித்தார்கள். இங்கே இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை.

ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்ட சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க, ஏப்ரல் கடைசியில் கடத்திக் கொல்லப்பட்ட ஊடகவியலாளர் தராகி சிவராம், மே மாதத் தொடக்கத்தில் உதயன் பத்திரிகை அலுவலகத்தில் கொல்லப்பட்ட ஊழியர்கள் என்று எங்கள் நாட்காட்டி நிறைய நினைவு நாட்கள். அந்தக் கூட்டங்களுக்கு நானும் தவறாமல் போகிறேன். அவை நடக்கத்தான் வேண்டும். ஆனால் செய்தியாளர்களுக்காக வழக்காடும் சட்டத்தரணி என்ற முறையில் எனக்கு ஒரு பெரிய ஆதங்கம் உண்டு. நினைவேந்தலுக்கு மண்டபம் நிறைகிறது. உயிரோடிருக்கும் ஒரு பிரதேசச் செய்தியாளரின் வழக்குத் தவணையன்று நீதிமன்ற வாங்கில் அவரும் அவருடைய அம்மாவும் மட்டும்தான் இருக்கிறார்கள்.

துணிந்த செய்தியாளரை மதிப்பது என்றால் அவர் உயிரோடிருக்கும்போதே மதிக்க வேண்டும். அந்த மதிப்பு அவருக்கு ஒரு கவசமாகப் பயன்பட வேண்டும். அது பயன்பட்டதற்கு எங்கள் கண்முன்னே ஒரு வழக்கே இருக்கிறது.

2008 மார்ச் 7ஆம் திகதி தமிழ் ஊடகவியலாளர் ஜே.எஸ். திசைநாயகம் பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவின் அலுவலகத்துக்குத் தன் காலாலேயே நடந்து போனார். முதல் நாள் பிடிபட்ட சக ஊடகவியலாளர் ஜசிகரனையும் அவருடைய மனைவி வளர்மதியையும் பற்றி விசாரிக்கத்தான் போனார். போனவரைத் தடுத்து வைத்தார்கள். ஐந்து மாதம்வரை குற்றச்சாட்டே இல்லை. பிறகு, நோர்த் ஈஸ்டர்ன் மன்த்லி என்ற சஞ்சிகையில் அவர் 2006ஆம் ஆண்டில் எழுதியவற்றை வைத்துப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார்கள். எழுதிய வரிகளே குற்றம்.

இந்தச் சட்டத்தில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஓரிடம் இருக்கிறது. சாதாரண வழக்கொன்றில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியாகாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அதைத் தலைகீழாக்குகிறது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி ஒருவர் பதிந்தால் அது சாட்சியாகும். மிரட்டி வாங்கியது என்றால் அதை நிரூபிக்க வேண்டிய பாரம் குற்றஞ்சாட்டப்பட்டவரின் தலையில். பூட்டிய அறைக்குள் நடந்ததை, அறைக்குள் இருந்த ஒருவர் எப்படி நிரூபிப்பார்? திசைநாயகம் தன்னுடைய வாக்குமூலம் அழுத்தம் கொடுத்து வாங்கப்பட்டது என்றார். கொழும்பு மேல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2009 ஓகஸ்ட் 31ஆம் திகதி 20 வருடக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது.

அதே வருடம் மே மாத உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளுக்கான அறிக்கையில் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா அவருடைய பெயரைக் குறிப்பிட்டிருந்தார். துணிச்சலான ஊடகப் பணிக்கான பீட்டர் மக்லர் விருதின் முதல் வெற்றியாளராக அவர் அறிவிக்கப்பட்டார். ஊடகவியலாளர்களைப் பாதுகாக்கும் குழு தன் சர்வதேசப் பத்திரிகைச் சுதந்திர விருதையும் சிறையில் இருந்தவருக்கே கொடுத்தது. இலங்கையின் ஏற்றுமதிகளுக்குக் கொடுத்த ஜீ.எஸ்.பி. பிளஸ் என்ற வரிச்சலுகை தொடர்பில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கையின் மனித உரிமை நிலையைத் துருவிக்கொண்டிருந்த காலமும் அதுதான். 2010 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிணை கொடுத்தது. மே 3ஆம் திகதி, பத்திரிகைச் சுதந்திர நாளன்றே, ஜனாதிபதி மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. 20 வருடம் விதிக்கப்பட்டவர் இரண்டு வருடத்துக்குள் சிறைக்கு வெளியே வந்தார்.

விருதுகள் மட்டும் அவரை வெளியே கொண்டுவரவில்லை. ஆனால் பெயர் ஊரறிய, உலகறிய ஒலித்துக்கொண்டே இருந்ததால் அவரை மறந்துவிட ஒருவராலும் முடியவில்லை. தடுப்புக்காவலில் உள்ளவருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை என்பது என் தொழிலில் நான் கண்ட உண்மை.

லசந்தவுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. 2009 ஜனவரி 8ஆம் திகதி அவர் கொல்லப்பட்ட பிறகுதான் யுனெஸ்கோவின் கியெர்மோ கானோ விருது அவருக்குக் கிடைத்தது. அந்த விருதே 1986இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் போதைக் கடத்தல்காரர்களால் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு பத்திரிகை ஆசிரியரின் பெயரால் ஏற்பட்டது. 2006இல் அந்த விருது விழா கொழும்பில் நடந்தது. குண்டுவெடிப்பில் ஒரு கையையும் ஒரு காலையும் இழந்து பிழைத்த லெபனான் ஊடகவியலாளர் மே சிடியாக் அந்த வருட விருதுக்குரியவர். உலக ஊடகப் பிரமுகர்கள் தலைநகரில் கூடியிருந்த அந்த நாட்களில்தான், மே 2ஆம் திகதி, யாழ்ப்பாணத்தில் உதயன் அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து இரண்டு ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சூட்டுத் துளைகளைச் சுவரில் அப்படியே விட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணம் வரும் ஒவ்வொரு ஊடக மாணவரும் போய்ப் பார்க்க வேண்டிய சுவர் அது.

சந்தியா எக்னலிகொடவையும் சொல்ல வேண்டும். 2010 ஜனவரி 24இல் காணாமலாக்கப்பட்ட ஊடகவியலாளர் பிரகீத்தின் மனைவி. அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் 2017இல் அவருக்குத் துணிச்சல் மிக்க பெண்களுக்கான விருதை வழங்கியது. 2022இல் அவர் நீதி கேட்டுத் தன் தலையை மழித்துக்கொண்டார். அந்த வழக்கு இன்றும் பேசப்படுகிறது என்றால் அது அவருடைய கால்கள் ஓயாததால்தான்.

இனி எங்கள் பக்கத்து நிலைமை. முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தார். காணிப் பிரச்சினை பற்றித் தொடர்ந்து எழுதுபவர். "அண்ணை, கோல் எடுத்தவை. சும்மா ஒரு விசாரணைதான், நாளைக்கு வந்திட்டுப் போங்கோ எண்டு சொல்லுகினம்" என்றார். கையில் ஒரு பொலித்தீன் பையில் தன் செய்தி நறுக்குகள், பஸ் ரிக்கெற்றுகள். நிறுவனம் கொடுத்த நியமனக் கடிதம் எங்கே என்று கேட்டேன். இல்லை. எழுதும் செய்திக்கு ஏற்பக் காசு, அவ்வளவுதான். அந்த நிறுவனத்துக்குப் பேசினால் "அவர் எங்கட நிரந்தர ஊழியர் இல்லையே" என்ற பதில் வந்தது. அவருடைய படங்கள் முன்பக்கத்தில் வந்தபோது மட்டும் அவர் அவர்களுடைய செய்தியாளர்.

இப்படி அழைப்பு வரும் தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்வது இதைத்தான். தொலைபேசியில் கூப்பிட்டால் எழுத்தில் அழைப்பாணை கேளுங்கள். அழைத்தவரின் பெயர், நேரம், இலக்கத்தைக் குறித்து ஆசிரியபீடத்துக்கும் வீட்டுக்கும் அனுப்புங்கள். தனியே போக வேண்டாம், சட்டத்தரணியோடு போங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் பதியச் சொல்லுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. சிங்களத்தில் எழுதிய தாளை நீட்டினால், விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். வைக்கத்தான் வேண்டும் என்று நெருக்கினால், எனக்கு வாசித்துக் காட்டப்படவில்லை என்று கையெழுத்துக்கு மேலே உங்கள் கைப்படத் தமிழில் எழுதுங்கள். அந்த ஒரு வரி பிறகு நீதிமன்றத்தில் பேசும்.

நாள் கணக்கை மறக்க வேண்டாம். அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். பயத்திலும் அலைச்சலிலும் அந்த மாதம் ஓடிவிடும். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தையும் பிரதியையும் கையில் வைத்திருங்கள். ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது.

விருது கொடுக்கும் அமைப்புகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தலைநகர ஆசிரியர்களோடு நிற்காமல், நியமனக் கடிதமில்லாத பிரதேசச் செய்தியாளரைத் தேடிப் பிடியுங்கள். எந்தச் செய்திக்காக, எந்த அச்சுறுத்தலுக்கு நடுவே அவர் நின்றார் என்பதைப் பாராட்டுரையில் திகதியோடு எழுதுங்கள். அந்தத் தாளை நான் மனுவோடு இணைப்பேன். கேடயத்துக்கும் பொன்னாடைக்கும் செலவாகும் காசில் ஒரு சட்ட உதவி நிதி தொடங்குங்கள். பத்திரிகை முதலாளிமாரே, உங்கள் பிரதேசச் செய்தியாளர் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதமும் நிறுவன அடையாள அட்டையும் இந்த மாதமே கொடுங்கள். அவருடைய வழக்குத் தவணைக்கு ஆசிரியபீடத்திலிருந்து ஒருவரை அனுப்பி, அவருக்குப் பக்கத்தில் அந்த வாங்கில் இருக்கச் சொல்லுங்கள்.