இம்னாய்த்ராவின் வாசலில் விழும் வெயில்

மால்டா தீவின் தென்கரையில், ஹஜர் இம் என்னும் பெருங்கற்கோயில் நிற்கும் மேட்டிலிருந்து கடலை நோக்கி ஏறத்தாழ அரை கிலோமீட்டர் இறங்கினால், சரிவின் மடியில் இம்னாய்த்ரா தெரியும். ஒரே முற்றத்தைச் சுற்றி அமைந்த மூன்று கோயில்கள் அங்கே உள்ளன. பொ.ஆ.மு. 3600-க்கும் 2500-க்கும் இடைப்பட்ட காலத்தில், உலோகக் கருவி எதையும் அறியாத மக்கள் கல்லைக் கொண்டே கல்லைச் செதுக்கி எழுப்பியவை அவை. அவற்றுள் தெற்கே உள்ள கோயிலின் வாசல் கிழக்கு நோக்கியது. பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் நாள்களில், உதயசூரியனின் ஒளி அந்த வாசலில் நுழைந்து, நடுவழியே நேராக ஓடி, கோயிலின் உட்கோடியில் உள்ள பீடத்தைத் தொடுகிறது. அந்த விடியலைக் காண ஹெரிடேஜ் மால்டா நிறுவனம் மக்களைச் சிறு குழுக்களாக அழைத்துச் செல்கிறது.

சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆனால் அது சரியாகக் கிழக்கில் உதிப்பது ஆண்டில் இந்த இரண்டு நாள்களை ஒட்டி மட்டுமே. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால், உதயப்புள்ளி ஜூனில் வடகோடிக்கும் டிசம்பரில் தென்கோடிக்கும் ஊசல் போலச் சென்று திரும்புகிறது. இந்த ஊசலின் வீச்சு இடத்துக்கு இடம் மாறும். மால்டா அமைந்துள்ள ஏறத்தாழ 36 டிகிரி வட அட்சரேகையில், கிழக்கிலிருந்து இருபுறமும் 29 டிகிரிக்குச் சற்று மேல்.

ஊசல் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் ஆடுவதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கோடிகளை நெருங்கும்போது அது தயங்கி நிற்கும். டிசம்பர் 21-க்கு முன்னும் பின்னும் சில நாள்களுக்கு உதயப்புள்ளி நகர்வதே கண்ணுக்குத் தெரியாது. நடுவில், அதாவது மார்ச்சிலும் செப்டம்பரிலும், அது நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை டிகிரி, கிட்டத்தட்ட சூரிய வட்டத்தின் அகலம் அளவுக்குத் தாவுகிறது. ஆகவே கிழக்கு நோக்கிய நீண்ட ஒடுங்கிய வழி ஒன்றை அமைத்துவிட்டால், இரண்டு நாள் தவறினாலும் ஒளிக்கீற்று பத்து மீட்டர் உள்ளே போவதற்குள் பதினேழு சென்டிமீட்டர் விலகிவிடும்.

தரை சமமாக இல்லாதது இன்னொரு சிக்கல். இம்னாய்த்ராவுக்குக் கிழக்கே நிலம் உயர்ந்திருப்பதால், சூரியன் உண்மையான உதயத்துக்குச் சற்றுப் பிந்தியே தலைகாட்டுகிறது. வட அரைக்கோளத்தில் எழும் சூரியன் செங்குத்தாக ஏறாமல் வலப்புறம் சாய்ந்து ஏறும். இந்த அட்சரேகையில், ஒவ்வொரு டிகிரி உயரத்துக்கும் அது தெற்கே ஏறத்தாழ 0.7 டிகிரி தள்ளிப்போகிறது. எனவே திசைகாட்டியை வைத்துக் கணித்த கிழக்கு இங்கே பயன்படாது. அந்த இடத்திலேயே நின்று, அந்த மேட்டுக்கு மேல் சூரியன் எழுவதைப் பார்த்துத்தான் வாசலின் நேர்கோட்டை அமைத்திருக்க முடியும்.

உதயப்புள்ளி தென்கோடியையும் வடகோடியையும் தொடும் டிசம்பர், ஜூன் நாள்களில் நிகழ்வது வேறு. டிசம்பரில் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வரும் ஒளி, வாசலைக் கடந்ததும், உள்வழிக்கு இருபுறமும் நிற்கும் கற்பலகைகளில் நுழைபவருக்கு வலப்புறம் உள்ளதன் விளிம்பில் படுகிறது. ஜூனில் அதே போல இடப்புறக் கல்லின் விளிம்பில். உட்புறக் கற்கள் சிலவற்றை அருகில் சென்று பார்த்தால், மேற்பரப்பு முழுவதும் சிறுசிறு குழிகள் துளைக்கப்பட்டிருப்பது தெரியும். ஒவ்வொரு குழியையும் ஒருவர் கையால் குடைந்திருக்கிறார். பக்கவாட்டில் ஒளி விழும்போது இந்தக் குழிகளில் நிழல் தேங்க, தட்டையான கல் துணி நெய்தது போல ஆகிறது.

ஐயாயிரம் ஆண்டுகளில் வானம் மாறியிருக்காதா என்ற கேள்வி நியாயமானது. பூமியின் அச்சுச் சாய்வு அன்று ஏறத்தாழ 24 டிகிரி, இன்று 23.4. இதனால் ஜூன், டிசம்பர் உதயப்புள்ளிகள் கிழக்கை நோக்கி முக்கால் டிகிரி அளவுக்கு நெருங்கிவிட்டன. ஐந்து மீட்டர் உள்ளே நிற்கும் கல்லில் ஒளிப்பட்டை ஆறேழு சென்டிமீட்டர் இடம்பெயர இது போதும். ஆனால் அச்சு எவ்வளவு சாய்ந்திருந்தாலும் சமநாளில் சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர்மேலேதான் இருக்கும். அன்றைய உதயம் மாறாது. அக்கோயிலைக் கட்டியவர்கள் கண்ட அதே கோட்டில்தான் மார்ச் மாத வெயில் இன்றும் உள்ளே வருகிறது. எனக்கு இம்னாய்த்ராவில் மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

இதைக் கொண்டு இக்கோயிலை ஒரு நாட்காட்டி என்று சொல்லிவிடலாமா? மால்டாவின் மற்றக் கோயில்களில் பெரும்பாலானவை தென்கிழக்குக்கும் தென்மேற்குக்கும் இடையே நோக்குகின்றன. கிழக்கைப் பார்ப்பது விதிவிலக்கு. மேலும், சமநாள், ஜூன், டிசம்பர் என மூன்று ஒத்திசைவுகளை மூன்று தனிச் சான்றுகளாக எண்ணக்கூடாது. இருபுறமும் ஒத்த அமைப்புள்ள கட்டடத்தைக் கிழக்கு நோக்கி வைத்தால், இடப்புறம் நிகழ்வது வலப்புறமும் தானாகவே நிகழும். மிஞ்சுபவை இரண்டு: கட்டடம் நோக்கும் திசை ஒன்று; வாசலின் அகலத்துக்கும் உட்கற்களின் தொலைவுக்கும் உள்ள விகிதம் மற்றொன்று. இந்த விகிதம் சூரியனின் வீச்சோடு பொருந்தி, ஒளி கல்லின் விளிம்பில் சரியாக வந்து நிற்பதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அதே வேளையில், இங்கே நாள்களை எண்ணினார்களா, அல்லது பீடத்தின் மேல் ஒளி விழும் அந்தக் கணத்துக்காகவே கூடினார்களா என்பதைக் கற்களின் கோணம் மட்டும் சொல்லிவிடாது.

மழையும் வெயிலும் கடலுப்பும் கற்களை அரித்து வந்ததால், 2009-இல் இக்கோயிலின் மேல் கூடாரம் போன்ற பெரிய விதானம் அமைக்கப்பட்டது. அதன் பக்கங்கள் திறந்திருக்கின்றன. மேட்டைத் தாண்டி எழும் சூரியன் அதன் கீழாகவே வாசலை வந்தடைகிறது.