பிரஷர் மாத்திரையும் மூன்று மாத இருமலும்

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி வந்திருந்தார். மூன்று மாதமாக இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டையில் என்னவோ சுரண்டுகிற மாதிரி வறட்டு இருமல். தூதுவளை ரசம், மிளகுக் கஷாயம், இரண்டு மூன்று பாட்டில் சிரப் எல்லாம் பார்த்தாகிவிட்டது. டிபியாக இருக்குமோ என்று நானும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். ஒன்றுமில்லை. முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை அடுத்த முறைதான் கேட்டேன்: "சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் காட்டுங்க ஆச்சி."

மஞ்சள் பையைக் கவிழ்த்தார். அட்டைகளுக்கு நடுவே எனலாப்ரில். சென்னையில் மகன் வீட்டில் இருந்தபோது ஆரம்பித்தது.

"அது பிரஷருக்குல்ல தம்பி? அதுக்கும் இருமலுக்கும் என்ன?"

சம்பந்தம் இருக்கிறது. கழுத்திரு என்கிற செட்டிநாட்டுத் தாலியில் உருப்படிகளைக் கோப்பது போல, அமினோ அமிலங்கள் என்ற மணிகளை வரிசையாகக் கோத்த சின்னச் சரம்தான் பெப்டைடு. சரம் மிக நீளமாகிவிட்டால் அதைப் புரதம் என்கிறோம். ரத்த அழுத்தம் இறங்கினால் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை விடும். கல்லீரல் செய்து அனுப்பிய ஒரு புரதத்திலிருந்து ரெனின் 10 மணி கொண்ட துண்டை நறுக்கும். அந்தத் துண்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ரத்தத்தோடு நுரையீரலைக் கடக்கும்போது ஏஸ் என்ற இன்னொரு நொதி அதில் 2 மணியைக் கழற்றிவிடும். மிஞ்சுகிற 8 மணிச் சரம் ஆஞ்சியோடென்சின் 2. ரத்தக் குழாயை இறுக்கும், உப்பை உடம்பிலேயே தங்க வைக்கும், பிரஷர் ஏறும். மனிதனுக்கும் எலிக்கும் இந்த 8 மணியும் அப்படியே ஒன்றுதான். மாட்டுக்கு ஐந்தாவது மணி மட்டும் மாறும்.

ஏஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு. குழாயைத் தளர்த்தி பிரஷரை இறக்குகிற பிராடிகைனின் என்ற 9 மணிச் சரத்தை அது சிதைத்துவிடும். ஏற்றுகிறவனை உருவாக்குவதும் அதுவே, இறக்க வந்தவனைத் தீர்த்துக்கட்டுவதும் அதுவே. எனலாப்ரில் அந்தக் கையைக் கட்டிப்போடுகிறது. பிரஷர் குறையும். ஆனால் சிதையாத பிராடிகைனின் மூச்சுக்குழாயில் சேர்ந்து நரம்பைச் சீண்டினால் இருமல் வரும். பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். மாத்திரை ஆரம்பித்துச் சில மாதம் கழித்தும் வரலாம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

பிராடிகைனின் கண்டுபிடிக்கப்பட்டதே பாம்பு விஷத்தால்தான். 1949இல் பிரேசிலில் ரோச்சா இ சில்வா குழுவினர் ஜராராக்கா என்ற விரியனின் விஷத்தை நாயின் ரத்தத்தில் கலந்தபோது அது வெளிப்பட்டது. பிறகு அதே நாட்டு ஃபெரேரா, பிராடிகைனினைச் சிதையவிடாமல் காக்கிற பெப்டைடுகளும் அதே விஷத்தில் இருப்பதைக் காட்டினார். அந்தத் தடத்தில் பிறந்த, எனலாப்ரில் வகையைச் சேர்ந்த கேப்டோப்ரில் மாத்திரை 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. (வயலில் விரியன் கடித்தால் பிரஷருக்கு நல்லது என்று யாராவது ஆரம்பித்துவிடாதீர்கள். நேராக ஆஸ்பத்திரி.)

அதே 1981இல் கனடாவில் டி போல்ட், எலியின் இதய மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்கு ஏற்றினார். சிறுநீரில் உப்பு கொட்டியது, பிரஷர் இறங்கியது. உப்புக்கண்டமும் மோர் மிளகாயுமாக நாம் சாப்பிட்டு ரத்தத்தின் அளவு கூடும்போது, இதயம் விரிந்து, தானே சுரக்கிற பெப்டைடு அது. தினமும் அதையே நம்பிக்கொண்டிருக்க முடியாது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் ஊர் ஊறுகாய் ஜாடி அதை எங்கே கேட்கிறது?

மாத்திரைப் பெயர் 'ப்ரில்' என்று முடிந்து, வறட்டு இருமலும் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும் அடுத்த மாத்திரையைத் தொடாமல் உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். கர்ப்பமாக இருந்தால், அல்லது அதற்குத் திட்டமிட்டால், அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஆச்சிக்கு டெல்மிசார்ட்டன் மாற்றிக் கொடுத்தேன். அது ஏஸைத் தொடாது. ஆஞ்சியோடென்சின் போய் உட்காரும் இடத்தை மட்டும் அடைக்கும். மூன்று வாரத்தில் இருமல் போயிற்று. அடுத்த முறை பையைக் கவிழ்த்தபோது புதிதாக ஓர் உப்புப் பாக்கெட். "சோடியம் கம்மியாம், மகன் அனுப்பிச்சான்." திருப்பிப் பார்த்தால் பொட்டாசியம் குளோரைடு. இந்த மாத்திரைகளோடு சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குழப்பிவிடும். பாக்கெட்டை மேசையிலேயே வைத்துக்கொண்டு, ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினேன்.