டிரான்ஸ்பரன்சி: வெளிப்படைத்தன்மையா, ஒளிவுமறைவின்மையா?

ஜவ்வரிசிப் பாயசத்துக்குச் சேலத்து வீடுகளில் சொல்லும் பக்குவம், 'கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கு' என்பது. வெள்ளை மணிக்குள் ஒளி புகுந்து மறுபக்கம் தெரியும் அந்த நிலைதான் டிரான்ஸ்பரன்சியின் முதற்பொருள். லத்தீனில் 'டிரான்ஸ்' என்றால் ஊடாக. 'பாரேரே' என்றால் தோன்றுதல். அறிவியல் பாடத்தில் இது 'ஒளிபுகும் தன்மை'.

நிர்வாகத்துக்கு இச்சொல் உருவகமாக வந்தது. தமிழில் 'வெளிப்படைத்தன்மை' நிலைத்துவிட்டது. அதன் வேர் பழையது. 'வெளிப்படு சொல்லே கிளத்தல் வேண்டா' என்கிறது தொல்காப்பியம்: தானே விளங்கும் சொல்லுக்கு விளக்கம் வேண்டாம், விளங்காததற்கே வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு விளங்காத வகை. ஒரு பதில் ஏன் அப்படி வந்தது என்று அதைச் செய்தவர்களாலேயே முழுதாகச் சொல்ல முடிவதில்லை. ஆகவே குழந்தைகள் பாதுகாப்புக்காகப் போராடுவோர் கேட்பது கண்ணாடி போன்ற இயந்திரத்தை அல்ல. நிறுவனம் தனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்கிறார்கள். கலிபோர்னியாவில் 2025 செப்டம்பரில் கையெழுத்தான சட்டம், பெரிய செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் தங்கள் பாதுகாப்பு நடைமுறையை எழுதி வெளியிட வேண்டும், கடுமையான பாதுகாப்புச் சம்பவங்களை 15 நாளுக்குள் அரசிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அடுத்த மாதமே, நண்பரைப் போல உரையாடும் தோழமை சாட்பாட்களுக்குத் தனிச் சட்டம் வந்தது. பேசுவது மனிதர் அல்ல என்று சிறாருக்கு 3 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நினைவூட்ட வேண்டும். பேசுபவரிடம் தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் என்ன செய்வார்கள் என்பதை நிறுவனங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். மகனை இழந்த ஒரு தாய் அதற்காக முன்னின்று பேசினார்.

இந்தக் கோரிக்கைக்கு எனக்குப் பொருத்தமாகப் படுவது 'ஒளிவுமறைவின்மை'. ஒளி என்ற ஒரே வடிவம் தமிழில் வெளிச்சத்தையும் குறிக்கும், மறைத்தலையும் குறிக்கும். 'ஒளிபுகும்' என்பதில் இருப்பது வெளிச்சம். 'ஒளிவு' என்பதில் இருப்பது மறைப்பு. முதலாவது ஒரு பண்டத்தின் இயல்பு. இரண்டாவதற்கு ஒளிக்கிற ஓர் ஆள் வேண்டும். போனைத் திருப்பி வைக்கும் பிள்ளையிடம் 'என்னடா ஒளிக்கற?' என்று அம்மா கேட்பதும் இந்த வினையால்தான்.

வெண்மைக்காக ஜவ்வரிசியில் ரசாயனம் சேர்க்கிறார்களா என்ற கேள்வி சேலத்துக்குப் புதிதல்ல. மணியை உற்றுப் பார்த்தால் அது தெரியாது. ஆலைக்காரர் சொல்ல வேண்டும், அதிகாரி எடுத்துச் சோதிக்க வேண்டும்.

நம் நாட்டின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோர் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. எதற்கு ஒப்புகிறோம் என்று தெரிந்தால்தானே அது ஒப்புதல்? சட்டங்களில் 'வெளிப்படைத்தன்மை' என்றே இருக்கட்டும். மனு எழுதும் பெற்றோர் 'ஒளிவுமறைவின்றித் தெரிவிக்க வேண்டும்' என்றே எழுதலாம். யார் தெரிவிக்க வேண்டும் என்ற கேள்வி அந்த வாக்கியத்திலேயே எழுந்துவிடும்.