பிரேயரில் வாய் திறக்காத பிள்ளை

ஜூனில் பள்ளி திறந்து ஓரிரு வாரம் கழித்து ஒரு முறை, அப்புறம் ஆகஸ்ட் 15 நெருங்கும்போது இன்னொரு முறை. வருடத்தில் இந்த இரண்டு சமயத்திலும் என்னிடம் ஒரே மாதிரிக் கேள்வி வரும். “ஏனுங் மேடம், பிரேயர்ல ஜனகணமன பாட மாட்டேங்கறான்னு பையனுக்கு டி.சி. குடுத்துருவோம்ங்கறாங்க. அப்படிக் குடுக்க முடியுங்களா?”

முடியாது. பதில் அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதில் பள்ளிக்கூடத்து ஆபீஸ் ரூம் வரை போய்ச் சேருவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஈரோட்டில் வக்கீல் தொழில் செய்கிறேன். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் முகாம்களுக்காகப் பள்ளிகளுக்கும் போய்வருகிறேன். இதில் வரும் பிள்ளைகளை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக ஊர், வகுப்பு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். விசைத்தறி ஓட்டும் ஒருவர், ஒன்பதாவது படிக்கும் தன் மகளின் நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாளைக் கொண்டுவந்தார். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். கடவுளுக்கு மட்டுமே வணக்கம், எந்த நாட்டுக் கொடிக்கும் கீதத்துக்கும் இல்லை என்பது அவர்கள் நம்பிக்கை. பெண் பிரேயரில் எல்லோரோடும் எழுந்து நேராக நிற்பாள், பாட மாட்டாள். ஆறாவதிலிருந்து அப்படித்தான் நின்றிருக்கிறாள், யாரும் கவனிக்கவில்லை. புதிதாக வந்த பி.டி. வாத்தியார் கவனித்துவிட்டார்.

அந்தத் தாளில் இப்படி இருந்தது: “நான் தேசிய கீதத்தை அவமதித்து ஒழுங்கீனமாக நடந்துகொண்டேன். இனி இவ்வாறு செய்ய மாட்டேன். மீறினால் பள்ளி நிர்வாகம் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்.” எழுத்து அந்தப் பிள்ளையுடையது, குண்டு குண்டாக. வாசகம் ஆபீஸில் யாரோ சொல்லச் சொல்ல எழுதியது. ஓரிடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்ததைச் சிவப்பு மையில் திருத்தியும் கொடுத்திருந்தார்கள். கீழே ‘பெற்றோர் கையொப்பம்’ என்று எழுதி இடம் விட்டிருந்தது. அப்பா கையெழுத்துப் போடாமல் கொண்டுவந்ததே பெரிய காரியம். மன்னிப்புக் கடிதம்தானே, எழுதிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். முடியாது. ‘அவமதித்தேன்’ என்று பிள்ளையே எழுதிய தாள் பள்ளி ஃபைலில் கிடக்கும். அடுத்த முறை நடவடிக்கை எடுக்க அதுவே ஆதாரம்.

இந்தப் பெண்ணின் கதை அப்படியே நாற்பது வருடத்துக்கு முன்பு கேரளத்தில் நடந்து, உச்ச நீதிமன்றம் வரை போய், தீர்ப்பும் வந்துவிட்டது. கோட்டயம் மாவட்டம் கிடங்கூரில் பிஜோ, பினுமோள், பிந்து என்று ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூவர். பத்து, ஒன்பது, ஐந்தாம் வகுப்புகள். இவர்களும் அதே நம்பிக்கைக்காரர்கள், இவர்களும் எழுந்து நின்றார்கள், பாடவில்லை. எம்.எல்.ஏ. ஒருவர் அதைக் கவனித்துச் சட்டமன்றத்தில் கிளப்பினார். விசாரிக்க அமைத்த குழு, பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள், கீதத்துக்கு எந்த அவமதிப்பும் செய்யவில்லை என்றே அறிக்கை கொடுத்தது. அதற்கப்புறமும் கல்வி அதிகாரி சொன்னார் என்று தலைமையாசிரியை 1985 ஜூலை 26 அன்று மூவரையும் நீக்கிவிட்டார். கேரள உயர் நீதிமன்றத்தில் இரண்டு கட்டத்திலும் தோல்வி.

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டி, எம்.எம். தத் அமர்வு 1986 ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்புச் சொன்னது. தேசிய கீதத்தைப் பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பவர் தானும் சேர்ந்து பாடவில்லை என்பதால் அது அவமதிப்பு ஆகாது. எல்லோரும் பாட வேண்டும் என்ற கல்வித்துறையின் சுற்றறிக்கை, சட்டம் இயற்றிச் செய்ய வேண்டிய வேலையைச் செய்ய முடியாது. பிள்ளைகளை நீக்கியது அரசியலமைப்பின் 19, 25ஆம் பிரிவுகளுக்கு, அதாவது பேச்சுரிமைக்கும் மனசாட்சிச் சுதந்திரத்துக்கும் எதிரானது. ஒரு நம்பிக்கை நீதிபதியின் புத்திக்குச் சரியாகப் படுகிறதா என்பது கேள்வி இல்லை, நம்புகிறவர் அதை உண்மையாக நம்புகிறாரா என்பதுதான் கேள்வி என்றும் சொன்னார்கள். தீர்ப்பின் முடிவில், நம் மரபும் தத்துவமும் அரசியலமைப்பும் சகிப்புத்தன்மையையே கற்றுத் தருகின்றன, அதை நீர்த்துப்போக விட வேண்டாம் என்று எழுதினார்கள். நான் பள்ளிகளுக்குக் கொடுப்பது இந்தத் தீர்ப்பின் நகலைத்தான். பெரிய தீர்ப்பும் இல்லை, அரை மணி நேரத்தில் படித்துவிடலாம்.

தலைமையாசிரியர் அறையில் வரும் முதல் வாதம் சட்டம். “கீதத்தை அவமதிச்சா மூணு வருஷம் ஜெயில்னு இருக்குதுங்களே?” இருக்கிறது. 1971ஆம் ஆண்டு தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம். ஆனால் அதன் 3ஆம் பிரிவு யாரைத் தண்டிக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும். கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பவரையும், பாடிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் கலவரம் செய்பவரையும்தான். வரிசையில் சும்மா நிற்கும் பிள்ளை எதைத் தடுத்தது? கீதத்தை மதிப்பது 51ஏ பிரிவின்படி அடிப்படைக் கடமைதானே என்பார்கள். கடமைதான், நின்றதே மதிப்புத்தான் என்று உச்ச நீதிமன்றம் அதற்கும் பதில் சொல்லிவிட்டது.

இரண்டாவது வாதம் எங்கள் பக்கத்துக்கே உரியது. “கொடி காத்த குமரன் பிறந்த மண்ணுங்க இது.” அந்த விசைத்தறிக்காரரின் மகள் விஷயத்திலும் இதைத்தான் சொன்னார்கள். சுவரில் குமரன் படமும் இருந்தது. சென்னிமலையில் பிறந்து, 1932 ஜனவரியில் திருப்பூர் ஊர்வலத்தில் போலீஸ் அடித்தும் கொடியை விடாமல் உயிரைக் கொடுத்தவர். எனக்கும் அவர் பெயரைக் கேட்டால் மயிர் கூச்செறியும். ஆனால் அவரை அந்த இடத்தில் இழுப்பது எனக்குப் புரிவதில்லை. அன்றைய அதிகாரம் எதைக் கீழே போடச் சொன்னதோ அதைப் போடாததற்காக அடி வாங்கியவர் அவர். அவர் படத்துக்குக் கீழே ஒரு பிள்ளையை முட்டி போட வைத்துப் பாடச் சொல்கிறோம். தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “எனக்கு மேல கரஸ்பாண்டன்ட் இருக்காருங்க” என்றார். அவர் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் விஷயம் கிளம்பிவிட்டால் பாதிக்கப்படுவது அவர் வேலைதான். கடைசியில் கடிதம் திரும்பி வந்தது, பெண் வழக்கம்போல வரிசையில் நிற்கிறாள்.

இதே விஷயத்தில் அமெரிக்காவே தடுமாறியிருக்கிறது. கொடி வணக்கம் செய்ய மறுத்த இதே பிரிவுப் பிள்ளைகளை நீக்கியது சரி என்று 1940இல் அங்கே உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்றே வருடத்தில், அதுவும் உலகப் போர் உச்சத்தில் இருந்த 1943இல், அது தவறு என்று அதே நீதிமன்றம் மாற்றி எழுதியது. கிடங்கூர் தீர்ப்பில் அதையும் எடுத்துப் பேசியிருக்கிறார்கள்.

சரி, மறுக்கும் பிள்ளைகள் எல்லோரும் மத நம்பிக்கையால் மறுக்கிறார்களா? இல்லை. இதைத்தான் பள்ளிகள் அதிகம் கோட்டை விடுகின்றன.

திக்குவாய் உள்ள பையன் மேடையில் உறுதிமொழி வாசிக்க மாட்டேன் என்பான். காலையில் சாப்பிடாமல் வந்த பெண் வெயிலில் மயக்கம் வந்து உட்கார்ந்துவிடுவாள். பெருந்துறை சிப்காட், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் ஒடிசா, பீகார்க் குடும்பத்துப் பிள்ளைகள் இப்போது நிறைய பேர் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்கள் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு வாயசைக்காமல் நிற்பதைத் திமிர் என்று எடுத்துக்கொண்ட ஆசிரியரைப் பார்த்திருக்கிறேன். பாட்டு தெரியாது, அவ்வளவுதான். (ஜனகணமனவில் ஒடிசாவின் பழைய பெயரான ‘உத்கல’ வரும் இடத்தில் ஒடிசாப் பிள்ளைகளின் குரல் மட்டும் கொஞ்சம் உயரும். கேட்டுப் பாருங்கள்.)

ஒரு அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன் உறுதிமொழிக்குக் கையை நீட்டவே மாட்டான். “இந்தியா எனது நாடு, இந்தியர் அனைவரும் எனது உடன்பிறந்தவர்கள்” என்று மற்றவர்கள் சொல்லும்போது கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வான். அரசியல்வாதி யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு ஆசிரியர் சந்தேகப்பட்டார். அங்கே தலைமையாசிரியையாக இருந்த அம்மா விவரமானவர். பிரேயரில் ஒன்றும் கேட்கவில்லை. மதியம் சத்துணவு முடிந்த பிறகு தனியாகக் கூப்பிட்டு, “ஏஞ் சாமி, கை வலிக்குதா?” என்று கேட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்துப் பையன் சொன்னானாம்: “உடன்பிறந்தவங்கன்னு சொல்றாங்க டீச்சர். டவுன் பஸ்ல பக்கத்துல உக்காந்தா எந்திரிச்சுப் போறாங்க.” காலனிப் பையன். பஸ்ஸில் சாதிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது யார் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. ‘தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம்’ என்று பாடப் புத்தகத்தில் அச்சடித்துத்தான் இத்தனை வருடமாகப் பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கிறோம்.

சட்டப்படி என்னென்ன செய்யலாம் என்று கேட்கத்தான் அந்த அம்மா எனக்குப் போன் செய்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றியும், பிள்ளைகள் மேல் புகார் போனால் அது இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும் என்பதையும் சொன்னேன். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது பையனின் பெற்றோர் முடிவு, பள்ளி அதைத் தடுக்கக் கூடாது என்றும் சொன்னேன். பஸ்ஸில் அந்தப் பையன்களோடு அவரே சில நாள் ஏறிப் போயிருக்கிறார். பையனைக் கையை நீட்டு என்று கடைசி வரை சொல்லவில்லை. பிரேயரில் செய்தி வாசிக்கும் வேலையைக் கொடுத்தார், வாசிக்கிறான். அவனை முதல் நாளே வெயிலில் நிறுத்தியிருந்தால் பஸ் விஷயம் யாருக்குமே தெரியாமல் போயிருக்கும்.

ஆசிரியர்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான். காரணத்தைத் தனியாகக் கேளுங்கள், மைக்கில் கேட்காதீர்கள். முந்நூறு பேர் முன்னால் “நீ மட்டும் ஏன் பாடல?” என்று கேட்ட நிமிடத்தில் அந்தப் பிள்ளைக்கும் பின்வாங்க வழியில்லை, உங்களுக்கும் இல்லை. போனில் படம் எடுப்பது அதைவிட மோசம். அடிப்பது, முட்டி போட வைப்பது, திட்டி அவமானப்படுத்துவது எல்லாம் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்தவை.

பெற்றோருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. பாடாமல் நிற்பதும் வேண்டுமென்று உட்கார்ந்துகொள்வதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. கீதம் ஒலிக்கும்போது எழுந்து நிற்க வேண்டும் என்று உள்துறை அமைச்சகத்தின் அறிவுறுத்தல் இருக்கிறது. கிடங்கூர்ப் பிள்ளைகளைக் காப்பாற்றியது அவர்கள் மரியாதையாக எழுந்து நின்றதுதான். “உக்காந்துக்க, என்ன பண்றாங்கன்னு பாக்கலாம்” என்று பிள்ளையைத் தூண்டிவிடுகிறவர்கள் அந்தப் பாதுகாப்பைக் கைவிட்டு விளையாடுகிறார்கள். பக்கத்தில் பாடுகிறவனைக் கிண்டல் செய்வதும் கூடாது. பள்ளி திறந்ததும் தலைமையாசிரியரைப் பார்த்து, எங்கள் பிள்ளை எழுந்து நிற்கும், பாடாது, காரணம் இன்னது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பாதித் தகராறு அதிலேயே அடங்கிவிடும்.

மற்ற பாட்டுகளையும் கேட்பார்கள். தமிழ்த்தாய் வாழ்த்தை 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, பாடும்போது எழுந்து நிற்கச் சொல்கிறது, மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்குத் தருகிறது. வந்தே மாதரம் பற்றி 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டபோது, பாட இயலாது என்று தகுந்த காரணம் சொல்பவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சேர்த்தே எழுதியது. சாமி பாட்டு என்றால் கணக்கே வேறு. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதமில்லாமல் ஒரு பிள்ளையை வழிபாட்டில் கலந்துகொள்ள வைக்க முடியாது. அரசியலமைப்பின் 28ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

கடைசியாக டி.சி. எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் நீக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. அதற்கு மேல் உள்ள வகுப்புகளுக்குக் கிடங்கூர் தீர்ப்பே போதும். இது தெரிந்த பள்ளிகள் நீக்க மாட்டார்கள், “நீங்களே டி.சி. கேட்டு எழுதிக் குடுத்துருங்க, நடத்தையில ‘நன்று’ன்னு போட்டுத் தர்றோம்” என்பார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். எழுதிவிட்டால் நீங்களாகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனதாக ஆகிவிடும், நான் நீதிமன்றத்தில் போய் நிற்க இடமிருக்காது. நீக்குவதென்றால் காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள், பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள். மாவட்டக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். தொந்தரவு அதிகமானால் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417. அடி விழுந்திருந்தால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம். எதுவும் நகரவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

இதெல்லாம் நடக்கும் நாட்களில் பிள்ளையை வீட்டில் நிறுத்தி வைக்காதீர்கள். தினமும் யூனிஃபார்ம் போட்டு அனுப்புங்கள். கேட்டில் தடுத்தால் அன்றைய தேதி, நேரம், தடுத்தவர் யார் என்று எழுதி வைத்து, அன்றே முதன்மைக் கல்வி அலுவலருக்குத் தெரியப்படுத்துங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து ஆப்சென்ட் விழுந்தால், நீண்ட நாள் வரவில்லை என்ற காரணத்தையே பள்ளி பிறகு எழுதிவிடும். அதை உடைப்பதற்கே எனக்குத் தனியாக ஒரு மனு போட வேண்டியிருக்கும்.