குர்குமின் மாத்திரையும் மருந்துதான்

மூட்டுவலிக்கு மருந்து எடுப்பவர்களிடம் "வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால், பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். துருவிக் கேட்டால் குர்குமின் மாத்திரை வெளியே வரும். "அது வெறும் மஞ்சள்தானே டாக்டர்?"

வெறும் மஞ்சள் இல்லை. மஞ்சள் தூளில் குர்குமின் என்ற வேதிப்பொருள் ஏறக்குறைய 3 சதவீதம்தான். மாத்திரையில் அதைப் பிரித்தெடுத்துச் செறிவாக்கி வைத்திருக்கிறார்கள்.

குர்குமின் அழற்சியைத் தணிக்கும் என்பதற்கு உண்மையான அடிப்படை உண்டு. நம் செல்களில் என்எஃப் கப்பா பி என்றொரு புரதம் இருக்கிறது. ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் 1986-இல் அதைக் கண்டறிந்தார்கள். சாதாரணமாக ஐ கப்பா பி என்ற இன்னொரு புரதம் அதைக் கட்டிப்போட்டிருக்கும். கிருமியோ காயமோ சமிக்ஞை அனுப்பியதும், ஐகேகே என்ற நொதி ஐ கப்பா பி-யில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அப்படிக் குறி வைக்கப்பட்ட ஐ கப்பா பி-யைச் செல் சிதைத்துவிடும். கட்டு அவிழ்ந்த என்எஃப் கப்பா பி உட்கருவுக்குள் போய் டி.என்.எஃப், இன்டர்லூகின்-6, காக்ஸ்-2 போன்ற அழற்சியைத் தூண்டும் புரதங்களின் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. வீக்கம், வலி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வழக்கமான வலி மாத்திரைகள் உருவாகிவிட்ட காக்ஸ் நொதியைத் தடுக்கின்றன. குர்குமினோ அதற்கு முந்தைய படியிலேயே, ஐகேகே-யின் வேலையைக் குறைக்கிறது. 1990-களிலிருந்து செல் ஆய்வுகள் இதைக் காட்டிவருகின்றன.

சரி, அப்படியென்றால் சாப்பிடலாமே? சிக்கல் இங்கேதான். ஆய்வுக்கூடத்தில் செல்கள் மீது ஊற்றும் அளவு ரத்தத்தை எட்டுவதே இல்லை. குடல் சுவரும் கல்லீரலும் குர்குமினை உடனுக்குடன் மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. அதனால்தான் மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்க்கிறார்கள். 1998-இல் வெளியான ஆய்வில், 2 கிராம் குர்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது உடலில் சேர்ந்த அளவு 20 மடங்கானது.

எனக்குக் கவலை தருவது இந்தப் பைப்பரின்தான். கல்லீரல் மற்ற மருந்துகளைச் சிதைக்கும் வேகத்தையும் அது குறைக்கிறது. அவற்றின் அளவும் ரத்தத்தில் ஏறலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் பித்தப்பைக் கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றிய மருத்துவ அறிக்கைகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் ஆராயப்பட்ட 10 பேரில் 7 பேரிடம் எச்.எல்.ஏ-பி*35:01 என்ற மரபணு வகை இருந்தது. தன்னிடம் அது இருக்கிறதா என்று யாருக்குமே பொதுவாகத் தெரியாது. ஆகவே மாத்திரை எடுக்கும் காலத்தில் காரணமில்லாத சோர்வு, அடர்நிறச் சிறுநீர், கண்ணில் மஞ்சள் என எது தெரிந்தாலும் உடனே நிறுத்துங்கள். மாத்திரை டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.